வெறும் ரோலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். படித்தால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் தங்கை பேத்தி கோவையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நாலு மாதமாகப் பழைய ஃபிலிம் கேமராவில் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். முதல் ரோலை வீட்டுக் குளியலறையிலேயே கழுவிப் பார்த்தாள். 36-இல் ஒன்றுகூட விழவில்லை. அதை மறைக்காமல் குடும்பக் குழுவில் போட்டாள். அதற்கு வந்த பதில்கள்: "போன்ல எடுத்தா முடிஞ்சு போச்சு." "காசைக் கரியாக்குற வேலை." "மாட்டு வண்டியில மெட்ராஸ் போற மாதிரி." கூடவே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் ஐந்து பேர் என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வெறும் ரோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படம் எதுவும் இல்லை. ஆனால் ஓரத்தில் கம்பெனி பெயரும் 1, 2, 3 என்ற எண்களும் கறுப்பாகத் தெளிவாக இருந்தன. அந்த எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுவார்கள். டெவலப்பர் பட்டால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். அவை தெரிகின்றன என்றால் டெவலப்பர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அவசரத்தில் ஹைப்போவை முதலில் ஊற்றியிருந்தால் அந்த எழுத்துகளும் கரைந்து போயிருக்கும். ஆக, கழுவியதில் தப்பில்லை. அடுத்து, ஷட்டர் திறக்கிறதா? பின்கதவைத் திறந்து வைத்து அமுக்கிப் பார்த்தாள். திறக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: ஃபிலிமின் நுனி சுருட்டும் உருளையில் சரியாக மாட்டவில்லை, அதனால் ஃபிலிம் நகரவே இல்லை. லீவரை இழுக்கும்போது இடது பக்கத்துக் கைப்பிடி கூடவே சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு ரோலுக்கும் அதைப் பார்க்கிறாள்.

ஒரு காரணத்தை எடுத்து, அது இல்லை என்று உறுதி செய்துவிட்டு, அடுத்ததுக்குப் போவது. இதைத்தான் உங்களுக்கு உப்புப் பகுப்பாய்வில் சொல்லித் தந்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? பிராக்டிகலுக்கு முதல் நாளே லேப் அண்ணனைப் பிடித்து எந்த உப்பு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டீர்கள். ரெக்கார்டு நோட்டை மூத்த வகுப்பு அண்ணனிடம் வாங்கி அப்படியே இறக்கினீர்கள். முழு மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். இந்தப் பெண்ணுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் பரிசோதனை செய்தது அவள்தான்.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "போன் இருக்கே." இருக்கிறது. நானும் வைத்திருக்கிறேன். நல்ல படம் வேண்டுமென்றால் போன் போதும். ஆனால் கேள்வி நல்ல படம் எடுப்பதைப் பற்றியது இல்லை, கற்பதைப் பற்றியது. போன் ஒரே அமுக்கில் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, முகத்தை வெளுக்க வைத்து, வானத்தை நீலமாக்கித் தருகிறது. அத்தனை முடிவையும் அதுவே எடுத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதில் ஒரு முடிவுகூடக் கண்ணில் படுவதில்லை.

ஃபிலிம் கேமராவில் அவளுடைய இரண்டாவது ரோலைப் பாருங்கள். வெயில் விழும் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் என் தங்கையை உட்கார வைத்து எடுத்தாள். படத்தில் சுவர் சாம்பல் நிறம், பாட்டி முகம் கரி. ஏன்? கேமராவில் இருக்கும் ஒளிமானிக்குச் சுவரும் தெரியாது, பாட்டியும் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் கண்ணை நிறைத்ததும் ஒளியைக் குறைக்கச் சொல்லிவிட்டது. அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் துளை அளவு, ஷட்டர் வேகம், நேரம், இடம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அதனால் எந்த எண்ணில் எந்த முடிவு தப்பு என்று கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது மானி இல்லாமலே எடுக்கிறாள். நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் வேக எண்ணுக்குப் பக்கத்தில். 400 ஃபிலிம் என்றால் ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு. மேகம் வந்தால் துளையை ஒரு படி திறக்கிறாள். வெயிலைப் பார்த்து அளவு சொல்லும் அறிவு அது. நம் தாத்தாக்களுக்கு வயலில் அது இருந்தது.

இரண்டாவது, "காசைக் கரியாக்குற வேலை." கணக்கைப் போடுவோம். ரோல் 900 ரூபாய், மருந்துக்கு 100 ரூபாய் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 28 ரூபாய். குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தோம். 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த அரசு நிறுவனம். அந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். அதை மூடிவிட்டோம். இன்று கறுப்பு வெள்ளை ரோல் இங்கிலாந்திலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வர வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் இதே குழுவில் ஒரு பையனுக்கு நுழைவுத் தேர்வுக் கோச்சிங்குக்கு ஒன்றரை லட்சம் கட்டியபோது யாரும் சிரிப்பு பொம்மை போடவில்லை. எல்லாரும் கைகூப்பினீர்கள். இந்தப் பெண் இதுவரை செலவழித்தது ஆறு ரோல், ஆறாயிரம் ரூபாய். பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தது. ஒரு அமுக்குக்கு 28 ரூபாய் என்பதால்தான் அமுக்குவதற்கு முன் நின்று பார்க்கிறாள்.

மூன்றாவது, "இது வேலைக்கு உதவுமா?" உதவாது. நேரடியாக உதவாது. நோலன் 'ஓப்பன்ஹைமர்' படத்தை ஃபிலிமில்தான் எடுத்தார் என்று நான் வாதாடப் போவதில்லை. ஊருக்கு எத்தனை நோலன்? ஆனால் என்னிடம் படித்ததில் எத்தனை பேருக்கு அணைவுச் சேர்மம் வேலைக்கு உதவியது? வங்கியில் இருக்கிறீர்கள், ஜவுளி வியாபாரம் செய்கிறீர்கள். அதற்காக அந்தப் பாடம் வீணா?

அணைவுச் சேர்மம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒளி படாத சில்வர் புரோமைடை ஹைப்போ ஏன் கரைக்கிறது என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதிப் போட்டால் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவீர்கள். இந்தப் பெண் பால்போல் மங்கிக் கிடந்த ஃபிலிம் ஹைப்போவில் கண்ணாடியாகத் தெளிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டு, "தாத்தா, அந்த வெள்ளி எங்க போச்சு?" என்று கேட்டாள். முப்பத்து நாலு வருஷச் சர்வீஸில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். அணைவு அயனியாகக் கரைசலுக்குள் இருக்கிறது, அதனால் பழைய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதே என்றேன். ஒரு கேனில் சேர்த்து வைத்திருக்கிறாள். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும், கோவைக் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30 டிகிரி. ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுற்றி வைக்கிறாள். வெப்பநிலை ஏறினால் வினைவேகம் ஏறும் என்பது அவளுக்கு இனி மறக்காது.

ஒரு எச்சரிக்கை. எனக்கு ஆதரவாக, "ஃபிலிம்தான் உண்மை, டிஜிட்டல் பொய்" என்று கொடி பிடித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். அதுவும் தப்பு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்தார். விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எப்பேர்ப்பட்ட உழைப்பு! அதே மனிதர் வெறும் வானத்துக்கு நெகட்டிவில் மேகங்களைக் கையால் தீட்டியும் இருக்கிறார். எந்தக் கருவியிலும் ஏமாற்ற முடியும். அதனால் நான் ஃபிலிமைக் கும்பிடச் சொல்லவில்லை. கடையில் வாங்கிய ரோலைக் கடையிலேயே கழுவக் கொடுத்து, ஸ்கேனை இன்ஸ்டாகிராமில் போட்டு 'பழமை' என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கற்றுக்கொள்ள, தப்பு செய்ய, தப்பின் காரணத்தைக் கண்டுபிடிக்க இடம் வேண்டும் என்கிறேன்.

அந்த இடத்தைத்தான் மூடிக்கொண்டிருக்கிறோம். அவள் கல்லூரியில் 'இருட்டறை' என்று பலகை மாட்டிய ஓர் அறை இருக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலிகளும் பழைய பேனர்களும். திறந்து தாருங்கள் என்று நாலு பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். "பழைய டெக்னாலஜி, பிளேஸ்மெண்டுக்கு உதவாது" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. குழுவில் நீங்கள் சொன்னதும் அதேதான். குளியலறையில் அவள் கழுவுவது ஆசையால் இல்லை, வேறு வழியில்லாததால்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று: உங்களில் ஏழெட்டுப் பேர் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறீர்கள். உங்கள் இடத்திலும் இப்படி ஓர் அறை பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேளுங்கள். ஃபிலிம் கழுவ ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், தண்ணீர்க் குழாய் போதும். பெரிய பட்ஜெட் தேவையில்லை.

இரண்டு: அப்பா, மாமா வைத்திருந்த கேமரா பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் ஷட்டர் ஓடுகிறது என்றால், கற்க ஆசைப்படும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடாதீர்கள்.

மூன்று, இதுதான் முக்கியம்: ஒரு பிள்ளை தோற்றுப்போன ஒன்றைத் தானாக முன்வந்து உங்களிடம் காட்டினால், முதலில் "ஏன் இப்படி ஆச்சு கண்ணு?" என்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் பதிலைக் கேட்ட பிறகு சிரித்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சிரித்தால் அடுத்த முறை அது காட்டாது. ஜெயித்ததை மட்டும் காட்டும், தோற்றதை ஒளிக்கும். அப்படி ஒளித்து வைத்த விடைத்தாள்களோடு வீட்டுக்குப் போகப் பயந்த எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாசல் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்