பனிக்காலத்தில் வீட்டைப் பழுது பார்க்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் கண்டாச்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "கிறிஸ்துமஸுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும்" என்பார் ஒருவர். "பொங்கலுக்குள் முடிந்தால் போதும்" என்பார் மற்றொருவர். சுவர் காய்ந்துவிட்டதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நமது மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் தளம் ஒழுகிச் சுவரெல்லாம் ஊறிவிட்டது. திருநாளுக்கு உறவினர் வருவார்களே என்று அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார். மூன்றே வாரத்தில் பெயிண்ட் அடித்தோம். வீடு பளபளத்தது. மாசி மாதம் சுவரில் உப்புப் பூத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. பெயிண்ட் போய்விட்டது, கடன் தவணை மட்டும் போகவில்லை!

குற்றம் குளிரின் மீதா? இல்லை. காஷ்மீரம் போன்ற இடங்களில் கடுங்குளிரில் கலவையிலுள்ள நீர் உறைந்து, நூற்றுக்கு 9 பங்கு பருத்து, பூச்சையே வெடிக்கச் செய்யும். நம் ஊர்ப் பனி அப்படிப்பட்டதன்று. சொல்லப்போனால் சிமெண்ட் பூச்சுக்கு இது நல்ல காலமே; கோடையைப்போல் ஈரம் சட்டென வற்றி வெடிப்பு விடுவதில்லை. ஆயினும் 7 நாளாவது தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பெயிண்டுக்குப் பகை ஈரம். செங்கல் குடித்த நீர் வெளியேறும்போது உப்பையும் கூட்டி வருகிறது. பெயிண்ட் வழியை அடைத்தால் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். நம் பாட்டிமார் சுண்ணாம்பு அடித்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று!

ஆகவே, முதலில் தளத்து வெடிப்பை அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை அகற்ற வேண்டும். பிறகு உதிரும் பூச்சைக் கொத்தி எடுத்து, சன்னலைத் திறந்து காற்றாட விட வேண்டும். பெயிண்ட் பங்குனி வெயில் வரை காத்திருக்கட்டும். பொங்கலுக்குச் சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். தோழியரே, தம்பி தங்கையரை அருகே விடாதீர்கள்.

"ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஊரார் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போவார்கள். தவணையை மாதந்தோறும் கட்டுபவர் அம்மா. அதைக் கணக்கு நோட்டில் எழுதுபவர்கள் நாங்கள்.

2025 புரட்டாசியில், மழைக்கு முன்பே தளத்தை மட்டும் சரிசெய்தோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கூடத்துச் சுவர் திட்டுத் திட்டாகவே இருந்தது. வந்த அத்தை சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மா சுட்ட அதிரசத்தைக் கேட்டு வாங்கி உண்டார். மழைக்காலம் முழுதும் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பாத்திரம் வைக்க இரவில் எழாமல் அம்மா உறங்கினார்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வீட்டுக்கு அழகு சுவரின் நிறமன்று. அதனுள் இருப்பவர்களின் நிம்மதியே.

— பத்தாம் வகுப்பு மாணவி