உண்பதெல்லாம் சரீரத்தில் சேருகிறதா?



மட்டாஞ்சேரியில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் எடை குறைப்புக்கான பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எடை குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. கணவரின் வேலை நிமித்தம் கொச்சிக்கு வந்தபின், சுகமாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார். இப்பொழுது பாதங்கள் மரத்துப்போகின்றன. படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஜெபத்தில் அமர்ந்தால் கண் அயர்கிறது. இதை ஆவிக்குரிய சோர்வென்று எண்ணி மூன்று நாள் உபவாசத்திற்குத் தீர்மானித்திருக்கிறாராம்.

சகோதரியே, உபவாசம் காத்திருக்கட்டும். முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ நோய் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கர் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். குடல் உறிஞ்சாவிட்டால், உண்டவரும் பட்டினி கிடந்தவரைப்போல் மெலிவார். அங்கே நோய் செய்ததை இங்கே ஓரளவு அறுவையே செய்கிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையை அமைத்து, அதைச் சற்றுத் தள்ளியுள்ள சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சிறுகுடலின் முதற்பகுதியை உணவு தொடுவதேயில்லை. இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அங்கேதான். பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைசெய்ய வேண்டும். அதுவும் உணவோடு சரிவரச் சேர்வதில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறையிலும் இக்குறைவுகள் வரலாம்.

ஏமாற்றம் எங்கே இருக்கிறதென்றால், கல்லீரல் பி12ஐ ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கிறது. ஆகவே மாத்திரையை நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. பி1 அப்படியல்ல, அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். அறுவைக்குப்பின் வாந்தி நீடித்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். குளுக்கோஸ் ஏற்றுமுன் அறுவை நடந்ததைத் தெரிவியுங்கள். பி1 ஊசி முந்த வேண்டும்.

இரும்பு மாத்திரையையும் கால்சிய மாத்திரையையும் இரண்டு மணிநேர இடைவெளி விட்டே உட்கொள்ளுங்கள். இரும்பை விழுங்கியவுடன் கட்டன் சாயா குடிப்பது அதை வீணாக்குவதாகும். கால்சியம் சிட்ரேட் அமிலம் குறைந்த வயிற்றிலும் கரையும். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும்; கப்பையும் மத்திக் குழம்பும் பரிமாறப்பட்டால் மீனை முதலில் உண்ணுங்கள், கப்பைக்கு இடமில்லாவிட்டால் போகட்டும்.

உபவாசத்தைக் குறித்து ஒரு வார்த்தை. தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிக்க இயலாத வயிறு இது; ஒருநாள் விட்டதை மறுநாள் ஈடுசெய்ய முடியாது. பழச்சாறு மட்டும் அருந்தலாமே என்பார்கள். பைபாஸ் செய்தவருக்கு அந்தச் சர்க்கரை நேரே குடலில் இறங்கிப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் உண்டாக்கக்கூடும். போதகரிடம் அறுவையைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். அறிந்த போதகர் உங்களை வற்புறுத்தமாட்டார்.

ஊர் மாறி வந்த நம்மில் பலருடைய மருத்துவக் காகிதங்கள் பழைய வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கின்றன. அவற்றை வரவழைத்து இங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குமுன் கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கவேண்டாம். அது இரத்தசோகையைச் சரியானதுபோல் காட்டும். பி12 இல்லாமல் நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும்.