ஆன்டிபயாடிக்கை நீங்களே வாங்கிப் போடாதீர்கள்



மழை பிடித்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல். நம்மில் பலர் நேரே மருந்துக்கடைக்குப் போய், "போன தடவை குடுத்தீங்களே அசித்ரோமைசின், அதுல மூணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரியில் காத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடும்படி, இவ்வூர் மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்து உங்களை வேண்டிக்கொள்கிறோம்.

ஆன்டிபயாடிக் குறி வைப்பது பாக்டீரியாவை. பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. மனித செல்லுக்கு அது கிடையாது. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவை அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்வதால் கிருமி வெடித்துச் சாகிறது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் கிருமியின் புரத உற்பத்தியை முடக்குகின்றன. சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் வைரஸால் வருபவை. வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, புரதம் செய்யும் சொந்த உறுப்பும் இல்லை. அங்கே இந்த மாத்திரைகளுக்கு வேலையே இல்லை.

பாக்டீரியாக் காய்ச்சல்தான் என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கேட்காது. நம் மாநிலத்தில் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலைப் பாருங்கள். அதன் கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமாக்சிசிலினுக்கு அடங்காது, டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். ரத்தப் பரிசோதனையும் செய்வார். கடை மாத்திரையில் நாளைக் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

தேவையில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக், உடம்பிலுள்ள வலுவற்ற பாக்டீரியாக்களைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றைப் பெருக விடுகிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தம் நோபல் உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலும் பலிப்பதில்லை. 2019-இல் மட்டும், மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்:

1. மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கடைக்காரர்களே, கொடுக்காதீர்கள்.

2. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம். இருமல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

3. மிச்ச மாத்திரையைப் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டாருக்கோ கொடுக்காதீர்கள்.

4. "ஆன்டிபயாடிக் எழுதுங்க" என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்; சிகிச்சை இலவசம். இருக்கிற மருந்துகள் நம் பிள்ளைகளுக்கும் பலிக்க வேண்டும். அதற்கு உங்கள் ஒத்துழைப்பைக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்