சுத்தஞ் செய்த ஜலத்துக்குச் சாட்சி யார்?

"கழிவைச் சுத்தஞ் செய்தே ஆற்றில் விடுகிறோம்" என்று ஆலை முதலாளிகள் சொல்வதும், அதிகாரிகள் அதை ஆமோதிப்பதும் நாம் நெடுநாளாகக் கேட்டு வரும் பாட்டு. அது யாருக்குச் சுத்தம்? பார்ப்பவர் கண்ணுக்கா, அந்த நீரிலேயே வாழ வேண்டிய ஜீவன்களுக்கா?

நொய்யல் நதி இதற்கு விடை கூறும். திருப்பூர்ச் சாயக் கழிவுக்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. அவை நிறத்தையும் அழுக்கையும் குறைத்தன; சாயம் பிடிக்கக் கொட்டிய உப்பை நீக்கவில்லை. பாசனத்துக்காக 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. குடியானவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, துளிக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு தீவிரமடைந்தது.

நன்னீர் மீனின் இரத்தத்திலுள்ள உப்பு, சுற்றியுள்ள நீரின் உப்பைவிட அதிகம். அந்த வித்தியாசத்தைச் செவுள்கள் ஓயாமல் காத்து வருகின்றன. நீரில் உப்பு மிகுந்தால் அந்த ஒழுங்கு குலைகிறது. கிருமிநாசத்துக்கு இட்ட குளோரினின் மிச்சம் செவுளைப் புண்ணாக்கும். அம்மோனியாவின் விஷமோ நீரில் காரமும் வெப்பமும் ஏற ஏற உக்கிரமாகும். தனித்தனியே வரம்புக்குட்பட்டவை ஒன்றுசேர்ந்து உயிரைப் போக்கவும் கூடும். பத்துப் பொருள்களை அளக்கும் சோதனைச்சாலை பதினோராவதைக் காணாது, மீன் அறியும்.

இதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, வேறு நீர் கலவாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 100-க்கு 90 பிழைத்திருக்க வேண்டும். நல்ல விதி, ஆனால் போதாது. நான்கு நாள் உயிர் தரிப்பது வேறு, வமிசம் தழைப்பது வேறு. மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளை 21 நாள் வைத்து, அது எத்தனை குஞ்சுகள் ஈனுகிறது என்று கணக்கிடும் முறை பல தேசங்களில் வழங்குகிறது. அதையும் இங்கே கட்டாயமாக்க வேண்டும்.

நாம் கைத்தொழிலுக்கு விரோதிகளல்லர். லட்சக்கணக்கானோர் அதனால் ஜீவிக்கின்றனர். ஆனால் லாபம் பட்டறைக்கு, நஷ்டம் ஆற்றங்கரைக்கு என்பது எந்த தர்மத்திலும் சேராது. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் தன் மீன் சோதனையின் முடிவை, மாதந்தோறும், தமிழில், கழிவுநீர் வெளியேறும் வாயிலிலேயே எழுதி வைக்கட்டும். கரையோர ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் அச்சோதனை நடக்கட்டும். தேசத் தொண்டர்கள் இக்கோரிக்கையைக் கிராமந்தோறும் கொண்டு செல்ல வேண்டும். அதிகாரிகளின் முத்திரைக்கு முன், மீனின் சாட்சியத்தைக் கேட்போம்.