கடலும் கடலையும்



"கடலைக்குள்ளே கடல் இருக்கிறது" என்று எங்கள் தங்கை சிறு வயதில் சொல்லிச் சிரிப்பாள். ஒன்றைக் காண அவளுக்கு அளவில்லாத ஆசை. மற்றொன்றோ அவளுக்கு நஞ்சு. நிலக்கடலை ஒரு துளி வாய்க்குள் சென்றாலும் உதடு வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சுக்குழல் இறுகும். போதாக்குறைக்கு ரப்பர் பாலும் அவளுக்கு ஆகாது. பலூனைத் தொட்டால் கை சிவந்து தடித்துவிடும்.

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து பினாங்கும் புக்கெட்டும் சென்று திரும்பும் 5 நாள் கப்பல் பயணத்துக்கு எங்கள் மாமா எங்களை அழைத்தார். செய்தி பரவியதும் உறவினர் பலரும் அம்மாவைக் கேட்ட கேள்வி ஒன்றே. "இப்படிப்பட்ட பிள்ளையை நடுக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவதா?" அவர்களுள் ஒரு பெரியவர், "கடலை தின்றால் யாருக்குத்தான் வாயு பிடிக்காது? பெண்ணுக்குச் செல்லம் அதிகம்" என்றும் கூறினார். இவ்விரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

முதலில் செல்லம் என்ற பேச்சைப் பார்ப்போம். ஒவ்வாமை என்பது வீம்பும் அல்ல, வாயுவும் அல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு ஆற்றல், தீங்கற்ற உணவைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. இந்த உண்மை வெளிப்படத் தொடங்கியதும் ஒரு கப்பல் பயணத்தில்தான் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற பிரெஞ்சு அறிஞர்களான சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேயும், கடலில் மிதக்கும் கொடுக்குடைய ஓர் உயிரின் நஞ்சை ஆராய்ந்தார்கள். கரை திரும்பிய பின் கடற்சாமந்தியின் நஞ்சை எடுத்து நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை அதைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு செலுத்தியதும் சில நிமிடங்களிலேயே மாண்டது. பழகப் பழக உடல் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். 1902இல் அதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. "கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்தால் பழகிவிடும்" என்று மருத்துவரைக் கேளாமல் வீட்டிலேயே வைத்தியம் சொல்லும் அன்பர்கள் அந்த நாயை நினைத்துக்கொள்வார்களாக.

இனிப் பயணத்துக்கு வருவோம். அம்மா இரண்டு மாதங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதித் தங்கையின் நிலையைத் தெரிவித்தார். அட்ரினலின் மருந்து நிரப்பிய பேனா போன்ற ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவரின் சீட்டைக் காட்டி மாமா சிங்கப்பூரில் இரண்டு வாங்கி வைத்திருந்தார். 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு 0.3 மில்லிகிராம், அதற்குக் குறைந்த எடையுள்ள சிறுவர்களுக்கு 0.15. இரண்டு ஊசிகள் எதற்கென்றால், முதல் ஊசி போதாவிடில் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது தேவைப்படலாம். தங்கை எங்கே போனாலும் அந்தப் பை அவள் இடுப்பில் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அறையில் பூட்டி வைத்த ஊசி, 12 அடுக்குக் கப்பலில் யாருக்குப் பயன்படும்?

கப்பலில் எங்களை அச்சுறுத்தியவை அலைகள் அல்ல, கரண்டிகள். பஃபே கூடத்தில் ஐம்பது வகை உணவைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். சாத்தே இறைச்சிக்கான நிலக்கடலைக் குழம்பில் இருந்த கரண்டியை ஒருவர் எடுத்து, நூடுல்ஸ் பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போனதை முதல் நாளே கண்டோம். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும்? கூடத்தின் வாசலில் எல்லாருடைய கையிலும் கிருமிநாசினித் திரவத்தைத் தெளித்தார்கள். அது கிருமியைக் கொல்லுமேயன்றிக் கடலையின் புரதத்தைப் போக்காது. அதற்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும், அல்லது ஈரத்தாளால் அழுத்தித் துடைக்கவேண்டும். கடலை தோலில் பட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் தடிப்போடு நின்றுவிடும் என்றும், பட்ட கையை வாயில் வைப்பதுதான் பெரும் ஆபத்து என்றும் எங்கள் மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே நாங்கள் பஃபே பக்கமே போகவில்லை. மேசையில் அமர்ந்து உண்ணும் கூடத்துக்கே மூன்று வேளையும் சென்றோம். மேசையைத் துடைத்த பிறகே தங்கை கை வைப்பாள்.

அந்தக் கூடத்தின் மேலாளர் ஒவ்வோர் இரவும் மறுநாள் உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து தங்கையிடம் காட்டுவார். அவள் தேர்ந்தெடுத்ததைத் தனிச் சட்டியில் சமைக்கச் சொல்வார். சமைப்பவர்கள் ரப்பர் பாலில் செய்யாத கையுறை அணியவும் ஏற்பாடு செய்தார். ரப்பர் பால் ஆகாதவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் கிவியும் அவகாடோவும் ஆகா என்பதை அவரே அறிந்திருந்தார். ஒரு நாள் அவள் ஒரு கேக்கைக் காட்டிக் கேட்டாள். பரிமாறும் இளைஞர், "ஒன்றும் ஆகாது, சாப்பிடலாம்" என்று புன்னகையோடு சொன்னார். மேலாளர் உள்ளே போய் விசாரித்து வந்து, "அது வெளியிலிருந்து வந்த மாவு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் அம்மா" என்றார். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தக் கப்பலில் நாங்கள் கேட்டவற்றுள் மிக நல்ல சொல் அந்தத் "தெரியாது"தான் என்போம்.

பினாங்கில் கரையிறங்கியபோது, தமிழ் பேசும் ஒரு கடைக்காரர் பசம்பூர் என்ற உணவை விற்றுக்கொண்டிருந்தார். வடைத்துண்டு, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மேல் சிவந்த குழம்பை ஊற்றித் தருகிறார்கள். கேட்டோம். "கடலையை அரைத்து ஊற்றாமல் பசம்பூரா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு நடந்தோம். புக்கெட்டில் வெளியே எதுவும் உண்ணவில்லை.

இத்தனை எச்சரிக்கையாக இருந்தும் தீங்கு வந்தது. கப்பல் சமையலறையிலிருந்து வரவில்லை, அன்பிலிருந்து வந்தது.

திரும்பும் வழியில் கப்பல் எந்தக் கரையும் தொடாத நாள் அது. மேல்தளத்தில் எங்களுக்கு அடுத்த நாற்காலியில் யாழ்ப்பாணத்தில் பிறந்து இலண்டனில் வாழும் ஒரு பாட்டி இருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் அவருக்குப் பெருமகிழ்ச்சி. பையிலிருந்து வீட்டில் பிடித்த எள்ளுருண்டைகளை எடுத்து நீட்டினார். அம்மா வழக்கம்போல், "இதில் கடலை சேர்த்திருக்கிறீர்களா பாட்டி?" என்று கேட்டார். "கடலை ஒண்டும் போடேல்லைப் பிள்ளை. எள்ளும் உளுத்தம்மாவும், சாதுவாய்க் கச்சானும்தான்" என்றார் பாட்டி. எள்ளும் உளுந்தும் எங்கள் வீட்டு இட்லிப்பொடியில் உள்ளவை. கச்சான் என்பது ஏதோ சர்க்கரை வகை என்று அம்மா நினைத்துக்கொண்டார். தங்கை ஒரு வாய் கடித்தாள்.

இலங்கைத் தமிழில் கடலை என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குத்தான் கச்சான் என்று பெயர். பாட்டி பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு நேரான பதிலையே சொன்னார். நாங்கள்தான் புரியாத ஒரு சொல்லை "அது என்ன?" என்று கேளாமல் விட்டோம். அந்நிய மொழியில் எவ்வளவோ கவனமாக இருந்தவர்கள், நம் மொழிதானே என்று கவனத்தைத் தளரவிட்டோம்.

இரண்டு நிமிடத்தில் உதடு தடித்தது. "தொண்டை ஒரு மாதிரி இருக்கிறது" என்றாள். பிறகு இருமினாள். அப்பா ஊசியை எடுத்து, உடையின் மேலேயே அவளது தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தி அழுத்திப் பிடித்தார். மருத்துவர் வரும் வரை அவளை எழுந்து நடக்கவிடவில்லை. பலநாட்டுச் சட்டப்படி, 3 நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செய்யும், 100 பேருக்குக் குறையாத கப்பலில் மருத்துவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவர் வந்துசேர்ந்தபோது மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. "அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தீர்களானால் இந்நேரம் கதை வேறாக இருந்திருக்கும்" என்றார். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரக்கூடும் என்பதால் அன்று இரவு வரை அவளைத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டி வாசலிலேயே அமர்ந்திருந்தார். அவர் அழுததைப் பார்த்து அம்மாவும் அழுதார்.

இதைக் கேட்ட உறவினர், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றனர். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எள்ளுருண்டை கப்பலில்தான் வரவேண்டும் என்பதில்லை. திருமண வீட்டிலும் வரும், பள்ளி இடைவேளையிலும் வரும். அவளை வீட்டில் பூட்டி வைப்பதானால் எத்தனை வயது வரை பூட்டி வைப்பது? அவள் போகட்டும், ஊசியும் அவளோடு போகட்டும். சுற்றியிருக்கும் நாம் மாற்றிக்கொள்ளவேண்டியவை சில உள்ளன. "ஒரு வாய்தானே" என்று ஊட்டிவிடும் நம் வழக்கம் அவற்றுள் ஒன்று. வேண்டாம் என்ற பிள்ளையை மரியாதை தெரியாதவள் என்று பேசுவது இன்னொன்று. உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாதபோது, மனம் நோகுமே என்று "ஒன்றுமில்லை" எனச் சொல்லிவிடுகிறோமே, அதையே எல்லாவற்றினும் பெரிய தவறாகக் கருதுகிறோம். பொட்டலங்களில் அச்சிட்டிருப்பதையும் படிக்கவேண்டும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி நிலக்கடலை உள்ளிட்ட 8 வகைகளைப் பொட்டலத்தில் குறிப்பிடவேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் 14 வகைப் பட்டியலில் உண்டு. ஆகையால் எள் ஆகாதவர்கள் கூடுதலாகக் கேட்டறியவேண்டும்.

இப்போது அம்மா கேட்கும் முறை மாறிவிட்டது. "கடலை உண்டா?" என்று கேட்பதில்லை. வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை, கச்சான் என்று எல்லாப் பெயர்களையும் சொல்லி, கைப்பையில் உள்ள படத்தையும் காட்டுகிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்தாலும் சரியான பதிலைச் சொல்கிறார்கள்.

சென்ற மாதம் தங்கையின் வகுப்பு சுற்றுலா சென்றது. அவள் போகலாமா என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. நான்காம் நாள் அவளது வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரி அம்மாவை வரவழைத்தார். கப்பல் பயணத்தில் பயன்படாமல் மிஞ்சி, காலாவதியாகிவிட்ட இரண்டாவது ஊசியை அம்மா எடுத்துச் சென்றிருந்தார். ஆசிரியர் அறையின் மேசைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, அருட்சகோதரி ஓங்கிக் குத்தினார். பழத்திலிருந்து சாறு வழிந்தது. "இவ்வளவுதானா?" என்றார். பிறகு அம்மாவிடம் புதிய ஊசிகள் இருந்த பையைக் கேட்டு வாங்கித் தங்கையின் இடுப்பில் தாமே கட்டிவிட்டார்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி