கொன்னது வேம்பா, சரக்கா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காம அலையுற பாட்டனி, அக்ரி மக்களே, இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

வயல்ல நெல்லு திட்டுத்திட்டா மஞ்சளா நிக்குது. என்ன சொல்வீங்க? 'தழைச்சத்து பத்தலை.' எங்க சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். ரெண்டு தடவை யூரியா போட்டார். காசு போனதுதான் மிச்சம். ஒரு செடியை மண்ணோட தோண்டி, வாளித் தண்ணியில அலசினப்பதான் தெரிஞ்சது. வேர் நுனியெல்லாம் வீங்கி, தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருந்தது.

வேர்முடிச்சு நூற்புழு! மெலாய்டோகைன் கிராமினிகோலான்னு பேரு. வேருக்குள்ள நுழையுற குட்டிப்புழு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தண்ணி நிக்கிற வயல்ல இதால வேருக்குள்ள நுழைய முடியாது. வடிஞ்சதும் வேலையைக் காட்டிடும். நேரடி விதைப்பு வயல்கள்ல இதோட ஆட்டம் அதிகம்னா காரணம் அதுதான்.

ஃபோரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டுல தடை. அதனால எல்லார் கண்ணும் வேம்பு, செண்டுமல்லி பக்கம். வேம்புல அசாடிராக்டின், செண்டுமல்லி வேர்ல ஆல்ஃபா டெர்தைனைல். ரெண்டுமே நூற்புழுவுக்கு ஆகாது.

கண்ணாடித் தட்டுல வேப்பிலைச் சாறு ஊத்தினா, மறுநாள் புழு அசையாம கிடக்கும். உடனே '100 சதவீதம் சாவு'ன்னு ரெக்கார்டுல எழுதிடாதீங்க. நான் எழுதினேன்! அப்புறம் சாறைக் கழுவி நல்ல தண்ணியில விட்டா, செத்ததுல பாதி நெளியுது. ஆல்கஹால்ல சாறு எடுத்தீங்கன்னா, அதே அளவு வெறும் ஆல்கஹால் ஊத்தின தட்டும் பக்கத்துலயே இருக்கணும். இல்லைன்னா, கொன்னது வேம்பா சரக்கான்னு யாருக்குத் தெரியும்?

தட்டு வேற, வயல் வேற பாஸ். அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சிடும். மண்ணுல நுண்ணுயிரிகள் தின்னுடும். கணக்கும் போட்டுப் பாருங்க. சதுர மீட்டருக்கு 1 லிட்டர் ஊத்தணும்னா ஏக்கருக்கு 4,000 லிட்டர். 10 சதவீதச் சாறுன்னா 400 கிலோ இலை! அதே ஏக்கருக்கான 8 சென்ட் நாத்தங்காலுக்கு 32 கிலோ போதும். அதனாலதான் நாத்தங்கால்லயே மண்ணோட வேப்பம் புண்ணாக்கு கலக்குறது புத்திசாலித்தனம்.

இதைப் பெருமையா சித்தப்பாகிட்ட சொன்னேன். "நேரடியா விதைச்சவனுக்கு நாத்தங்கால் ஏதுடா?"ன்னார்.

இதுதான் டாபிக். விதையைச் சாறுல ஊறவச்சு, புழு இருக்கிற மண் தொட்டியில விதைங்க. பக்கத்துத் தொட்டியில வெறும் தண்ணியில ஊறின விதை. ஒரு மாசம் கழிச்சு, ரெண்டு தொட்டியிலயும் வேரை அலசி முடிச்சை எண்ணுங்க. முளைப்பு குறையுதான்னும் பார்த்துக்கங்க, சித்தப்பா அதைத்தான் முதல்ல கேப்பார்.