ஐந்து வண்டிகளும் ஒரு கமமும்

விடுமுறை என்றதும் பலருக்குக் கடற்கரையும் தங்கு விடுதியுமே நினைவுக்கு வரும். பிரித்தானியாவிலோ, வீட்டையே மோட்டார் வண்டியின் பின்னாற் பூட்டிக்கொண்டு நாட்டுப்புறம் செல்லும் குடும்பங்கள் பல. படுக்கை, அடுப்பு, அலுமாரி யாவும் அமைந்த அவ்வீட்டு வண்டியைக் கேரவன் என்பர். அதனைக் கமக்காரர் ஒருவரின் புற்றரையில் நிறுத்திச் சில நாள் தங்கும் வழக்கத்தைப் பற்றியே இவ்வாரம் பேசப் புகுந்தோம்.

இவ்வழக்கத்தின் முன்னோடியாகக் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவரைக் கூறுவர். கடற்படை வைத்தியராயிருந்து, பின்னர் சிறுவர்க்கான வீரக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். 1885ஆம் ஆண்டில், இரு குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டியொன்றைப் பிரிஸ்ரல் நகரிற் செய்வித்து, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வெர்னஸ் வரை பயணஞ் செய்தார். எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக ஏவலாளர் ஒருவர் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வாராம். 1907இல் கேரவன் பயணிகளுக்கென ஒரு சங்கமும் தோன்றியது. குதிரை போய் மோட்டார் வந்தபின், வசதி படைத்தோருடைய பொழுதுபோக்காயிருந்த இது சாதாரண குடும்பங்களுக்கும் எட்டியது.

வண்டிகள் பெருகவே சட்டமும் வேண்டியதாயிற்று. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேரவன்கள் நிற்கும் நிலத்துக்கு அனுமதிப்பத்திரம் அவசியம். ஆயினும் ஒரு விலக்கு உண்டு. அங்கீகாரம் பெற்ற சங்கமொன்று சான்றளித்த நிலத்தில், அதன் அங்கத்தவருடைய வண்டிகள் ஒரே வேளையில் ஐந்து வரை அப்பத்திரமின்றியே நிற்கலாம். ஐந்து என்னும் இச்சிறு எண்ணிலேயே இதன் சிறப்பு அடங்கியுள்ளதென்பது எமது கருத்து. ஐம்பது வண்டிகள் வந்தாற் கமம் சந்தையாகிவிடும். ஐந்தே வருவதால் அது கமமாகவே இருக்கிறது; கமக்காரருக்குச் சிறு வருவாயும் கிடைக்கிறது; வருவோரும் வெறும் வாடிக்கையாளராயிராது விருந்தினராகின்றனர்.

இத்தகைய இடங்கள் பலவற்றில் தண்ணீர்க் குழாய் ஒன்றும் கழிவகற்றும் இடமுமன்றி வேறு வசதி இல்லை. 40 லீற்றர் கொள்ளும் உருளைப் பீப்பாயைக் குழாயடியில் நிரப்பிப் புல்லின்மேல் உருட்டி வருதல் பிள்ளைகளின் வேலை. 40 லீற்றர் நீரின் நிறை 40 கிலோகிராம் என்பதைக் கை அறிந்தபின், பல் துலக்கும்போது நீரை வீணே ஓடவிட மனம் வருமா? மலகூடப் பெட்டியையும் வீட்டுப் பெரியவரே சுமந்துசென்று வெறிதாக்க வேண்டும். குழாயைத் திருகினால் நீர் வரும் வீட்டில் மறைந்து கிடக்கும் உழைப்பு இங்கே கண்முன் நிற்கிறது. கிணற்றில் அள்ளிச் சுமந்து வளர்ந்த எம்மூர் முதியோருக்கு இது புதுமையன்று. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ புதிய பாடமே.

விருந்தினருக்குக் கடமையும் உண்டு. கமம் ஒருவருடைய தொழிற்களம் என்பதை மறத்தலாகாது. திறந்திருந்த படலையைத் திறந்தபடியும், சாத்தியிருந்ததைச் சாத்தியும் விடுதல் வேண்டும். 2001இற் கால்-வாய் நோய் பரவியபோது 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நாட்டுப்புற நடைபாதைகள் மூடப்பட்டன. காலணியில் ஒட்டிய சேறும் அந்நோயைக் கொண்டு செல்லவல்லது. ஆதலின், "பட்டிப் பக்கம் வரவேண்டாம்" என்று கமக்காரர் சொன்னால் அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க.

பெற்றோர்க்கு மூன்று சொற்கள். ஆட்டுக்குட்டியைத் தொட்ட பிள்ளை, உண்ணுமுன் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கை கழுவுக. கையிற் பூசும் கிருமிநாசினி மாத்திரம் போதாது. கர்ப்பிணிகள் குட்டியீனும் ஆடுகளை அணுகாதிருக்க. கரியடுப்பு அணைந்ததுபோலத் தோன்றினும், அதனை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைக்கற்க. அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும்.

வண்டி புறப்பட்டபின் அது நின்ற இடத்திற் சற்று மஞ்சளித்த புல்லன்றி வேறு சுவடு இருத்தலாகாது. மறுவருடம் அப்படலை நமக்கு மீண்டும் திறப்பது, இவ்வருடம் நாம் விட்டுச் சென்ற நிலத்தைப் பொறுத்ததே.